கொலம்பியாவிலிருந்து தத்தெடுத்த பிள்ளைகள் முதன்முறை திருகோணமலைக்கு வருகினம்: வீட்டில் என்ன ஆயத்தம்?

உவர்மலை_சித்தி:
அக்காவும் அத்தானும் ரொறன்ரோவில. கொலம்பியாவிலிருந்து அண்ணன் தங்கச்சி ரெண்டு பேரைத் தத்தெடுத்து எட்டு மாசம். மூத்தவனுக்கு 7, சின்னவளுக்கு 4. ஸ்பானிஷ்தான் பாஷை, இங்கிலீஷ் இப்பதான் பிடிபடுது. ஆடி, ஆவணியில ஆறு கிழமைக்கு அம்மம்மா வீட்டுக்கு வருகினம். ஓயாமல் ஆக்கள் வந்துபோற வீடு. சின்னவள் ஆரைக் கண்டாலும் மடியில ஏறுவாளாம், மூத்தவன் சாப்பாட்டை ஒளிச்சு வைப்பானாம். நாங்கள் எதில கவனமா இருக்கவேணும்?

வார்டு_12:
மடியில ஏறுறதைப் பார்த்து "என்ன பாசமான பிள்ளை" எண்டு நினைக்காதேங்கோ. வேளைக்கொரு பணியாளர் மாறுற இல்லத்தில வளர்ந்த பிள்ளைக்கு எல்லாப் பெரியாக்களும் ஒண்டுதான். கிட்ட நிக்கிறவையைப் பிடிச்சால்தான் காரியம் நடக்கும் எண்டு படிச்சு வைச்சிருக்கும். அம்மா எண்டால் ஆர் எண்டது அவளுக்கு இனித்தான் பதியவேணும். அதால ஊட்டுறது, குளிப்பாட்டுறது, நித்திரையாக்கிறது, விழுந்து அழுதால் தூக்கிறது எல்லாம் பெற்றோர் மட்டும். உங்கட மடிக்கு வந்தால் தள்ளிவிடாமல் கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டுபோய் அக்காவிட்ட விடுங்கோ. அம்மம்மாவுக்குத்தான் இது கஷ்டம். பூப்பறிக்கிறது, கோழிக்குத் தீன் போடுறது எண்டு பிள்ளையளோட செய்ய அவவுக்கு வேற வேலை குடுங்கோ. சோறு குழைச்சு ஊட்டுறது அடுத்த முறை பாப்பம்.

மூத்தவன்ர தலையணைக்குக் கீழ பாண்துண்டு கிடந்தால் ஏசவேண்டாம், அலுமாரியைப் பூட்டவும் வேண்டாம். பூட்டினால் ஒளிக்கிறது கூடும். மூடி இறுக்கமான டப்பா ஒண்டில ரெண்டு வாழைப்பழமும் கிறீம் கிறாக்கரும் போட்டு அவன்ர கட்டிலடியில வையுங்கோ. இரவில அவன் பார்க்க நிரப்புங்கோ. மூடி சரியில்லாட்டி விடியமுன்னம் எறும்பு வந்திடும். ரெண்டரை, மூண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா ஏதாவது சாப்பிடக் கிடைக்கவேணும். கேட்டுத்தான் வாங்கவேணும் எண்ட நிலை வரக்கூடாது.

கடல்முகத்_தெரு:
எல்லாரும் மறக்கிற விசயம் சூட்கேஸ். இந்தப் பிள்ளையளுக்குப் பெட்டி கட்டுறது எண்டால் இன்னொரு வீட்டில கொண்டுபோய் விடப்போகினம் எண்டுதான் அர்த்தம். ரொறன்ரோவில அவையின்ர கட்டில், சப்பாத்து, பொம்மையைப் படமெடுத்து அக்கா கொண்டுவரட்டும். கலண்டரில திரும்பிற நாளை வட்டம் போட்டு, இரவில ஒரு கட்டம் வெட்டச் சொல்லுங்கோ. முக்கியமா, "இஞ்சயே நில்லன், அம்மா போகட்டும்" எண்ட பகிடியை ஆரும் விடக்கூடாது. எங்கட சனத்துக்கு அது வாயில வந்திடும்.

முதல் ரெண்டு கிழமை விருந்தாளி வேண்டாம். நித்திரை பெற்றோரின்ர அறையில, ஒரே நுளம்புவலைக்குள்ள.

பாலையூற்று_மாமா:
திருமலையில ரெண்டு கிழமை ஆளைக் கேற்றில மறிக்கேலாது. மறிச்சால் "பிள்ளையை ஒளிச்சு வைச்சிருக்கினம்" எண்டு கதை கிளம்பும். வரட்டும். பின்னேரம் அரை மணித்தியாலம், விறாந்தையில தேத்தண்ணி, ஒருநாளைக்கு ஒரு குடும்பம். பிள்ளையள் அக்காவுக்குப் பக்கத்தில இருக்கட்டும், கட்டிப்பிடி, கொஞ்சு எண்டு நெருக்கவேண்டாம். "உண்மையான அம்மா எங்க?" எண்டு கேட்டால் "அது அவன்ர கதை, பெரியாளாகி விரும்பினால் அவனே சொல்லுவான்." அவ்வளவுதான் பதில். "நல்ல புண்ணியம் செய்தனீங்கள்" எண்டதையும் பிள்ளைக்கு முன்னால விடாதேங்கோ. நன்றிக்கடனோட வளரக்கூடாது.

சாப்பாடு பெரிய பிரச்சினை இல்லை. கொலம்பியாவிலயும் சோறுதான், ஆனால் உறைப்பில்லை. சிவப்பு பீன்ஸ் விதையை வெங்காயம், உள்ளி, தக்காளி போட்டு மசிய அவிச்சு, முட்டைப்பொரியலோட வையுங்கோ. பழுத்த வாழைக்காயை நீட்டாச் சீவிப் பொரிச்சால் ரெண்டு பேரும் தட்டைத் துடைப்பினம். வீட்டாக்கள் நாலு சொல்லுப் பாடமாக்குங்கோ: ஆகுவா (தண்ணி), பாஞ்யோ (கக்கூஸ்), மே துவேலே (நோகுது), தெங்கோ மியேதோ (பயமாயிருக்கு). கடைசி ரெண்டும்தான் ராவில தேவைப்படும்.

கோப்புக்_கட்டு:
பத்திரங்களைப் பற்றியும் சொல்லவேணும். 1970, 80களில இலங்கையிலிருந்து நெதர்லாந்து, சுவீடன், சுவிஸ் எண்டு ஆயிரக்கணக்கில குழந்தைகளை அனுப்பி, முறைகேடு வெளிவந்து 1987இல அரசாங்கம் நிறுத்திவைச்சது. அவை இண்டைக்குத் தாயைத் தேடி வந்தால், கன கோப்புகளில தாயின்ர பேரே பொய். பெத்தவ எண்டு கையெழுத்துப் போட்டது வேற பொம்பிளை. நாடுவிட்டு நாடு தத்தெடுக்கிறதைப் பற்றின 1993 ஹேக் உடன்படிக்கையின்ர 30ஆம் உறுப்புரை பிள்ளையின்ர பூர்வீகத் தகவலைப் பாதுகாக்கச் சொல்லுறது சும்மா இல்லை. கொலம்பியாவின்ர 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி, தீர்ப்புக்குப் பிறகு தத்துக்கோப்பு 20 வருசம் இரகசியம். அதனால கையில இருக்கிற பிரதி, இல்லத்துப் படம், போட்டுவந்த உடுப்பு ஒண்டையும் எறியவேண்டாம். பயணத்தில தத்துத் தீர்ப்பின்ர உறுதிப்படுத்திய பிரதி போதும், மூலம் வீட்டில இருக்கட்டும். அத்தான் பிந்தி வாறதெண்டால் அவரின்ர சம்மதக் கடிதம் நொத்தாரிசு கையெழுத்தோட அக்காவின்ர கையில இருக்கவேணும். தாயின்ர முகமும் பிள்ளையின்ர முகமும் ஒத்துவராட்டி விமான நிலையத்தில கேள்வி வரும்.

உவர்மலை_சித்தி:
நன்றி. இன்னொண்டு. சின்னவளுக்கு அடர்ந்த சுருட்டைமுடி. அம்மா கோயில் நேர்த்தி வைச்சு மொட்டை போடவேணும் எண்டு நிக்கிறா.

வார்டு_12:
வேண்டாம். இல்லங்களில பேன் எண்டு முடியை ஒட்ட வெட்டிவிடுற பழக்கம் உண்டு. அவளுக்கு அது நேர்த்தியாத் தெரியாது. அம்மாவுக்கு வேணுமெண்டால் கோணேசர் கோயிலில ரெண்டு பேரின்ர பேரிலயும் அர்ச்சனை செய்யலாம், இப்ப இருக்கிற பேரிலயே. சனமில்லாத விடியக்காலையில போங்கோ, கோயில் இருக்கிற கோட்டைக்குள்ள மானும் பாக்கலாம். முடியைக் காயவிட்டு இழுக்கக்கூடாது. கண்டிஷனர் பூசி, ஈரத்தில, பல்லு அகலமான சீப்பால நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுங்கோ. உப்புவெளிக் கடலில குளிச்சால் அண்டைக்கே நல்ல தண்ணியில அலசிக் கொஞ்சம் தேங்காயெண்ணெய். அதையும் அக்காதான் செய்யவேணும்.