எட்ஜ்பாஸ்டன் பழைய வீடா, நார்த்ஃபீல்டு புது வீடா? வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லணும்

சமாதானபுரத்தான்

அண்ணாச்சிமாரே, அக்காமாரே, அவசரமா ஒரு யோசனை வேணும். இங்கிலாந்துல பர்மிங்ஹாமுக்கு ஆஸ்பத்திரி வேலைக்குப் போயி நாலு மாசம் ஆச்சு. குடும்பத்தைக் கூட்டிட்டுப் போக இப்ப பாளையங்கோட்டை வந்திருக்கேன். அடுத்த வியாழன் திருவனந்தபுரத்துல விமானம்.

ஊருக்குக் கிளம்புறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி அங்க எட்ஜ்பாஸ்டன்ங்கிற ஏரியால ஒரு வாடகை வீடு பாத்து, முன்பணமும் கட்டிட்டேன். அந்தக் காலத்துச் செங்கல் வீடு. அதை நாலு ஃபிளாட்டாப் பிரிச்சிருக்காங்க. தெரு பூரா ஓங்கி நிக்கிற மரம். சிட்டி சென்டர் பக்கம். படத்தைப் பாத்த உடனே வீட்டுக்காரி "நம்ம ஹைகிரவுண்ட் ரோடு மாதிரில்லா இருக்கு"ன்னு சொல்லிட்டா. ஆனா கூட வேலை பாக்குற ஒருத்தரு நார்த்ஃபீல்டுல புது வீடு காலியா இருக்கு, வாடகையும் கம்மி, அங்கன வந்துருங்கன்னு சொல்லுதாரு. ஏஜென்ட் வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள கையெழுத்துக் கேக்காங்க. மூணு நாளா சரியாத் தூங்கல. எதுக்குப் போகட்டும்?

கல்லிடை ஆத்துக்கரை

தம்பி, நான் 2003ல லெஸ்டர் போனவன். பதினெட்டு வருசம் இருந்துட்டு ஊரோட வந்துட்டேன். காலைல ஆத்துல குளிச்சிட்டு வந்து உக்காந்துதான் இதை எழுதுதேன்.

முதல்ல குக்கரைக் கொண்டு போ. அஞ்சு லிட்டரு, ஒரு ஸ்பேர் ரப்பரோட. நான் கொண்டு போகாம ரெண்டு மாசம் ரொட்டியும் அவிச்ச முட்டையும் தின்னேன். வேலைக்கும் வீட்டுக்கும் நாலு மைலு. ஜனவரி மாசம் ஒருநாள் ராத்திரி கடைசி பஸ் போயிருச்சு. பனில நடந்தே வந்தேன். வீடு வந்து சேரும்போது கால் விரல்ல உணர்ச்சியே இல்ல. கட்டில்ல உக்காந்து அழுதேன், சொல்றதுக்கு என்ன. அதனால சொல்லுதேன், வேலைக்கு நடந்து போற தூரத்துல வீடு எடு. மரம் இருக்கிற பழைய ஏரியான்னா மறுயோசனையே வேண்டாம்.

கடையநல்லூர் அக்கா

அண்ணாச்சி சொல்றதை நான் ஒத்துக்க மாட்டேன். அவரு தனி ஆளாப் போனவரு. இங்க ஒரு பொம்பளப் பிள்ள போகப் போகுது, அதை யாரும் பேசல.

மான்செஸ்டர்ல டிட்ஸ்பரிங்கிற இடத்துல நாங்க இருந்தோம். அதுவும் பழைய வீடும் மரமுமா அழகான இடம். இவரு காலைல போனா ராத்திரிதான் வருவாரு. நான் ஏழு மாசம் ஜன்னல் பக்கம் உக்காந்து இலை உதிர்றதைப் பாத்துட்டு இருந்தேன். எதிர்த்த வீட்டுல ஒரு தலையசைப்பு, அவ்வளவுதான். எங்க தெருவுல ஒரு வீட்டுல தாளிச்சா நாலு வீட்டுக்கு மணக்கும், என்ன கொழம்புன்னு கேட்டு வருவாங்க. அப்படி இருந்துட்டு அந்த அமைதிக்குள்ள போனா மனசு சுருங்கிப் போகும். நம்ம ஆளுக இருக்கிற இடத்துக்குப் போங்க தம்பி. வீடு சின்னதா இருந்தாலும் பரவாயில்ல.

தென்காசிச் சாரல்

எட்ஜ்பாஸ்டன்னாலே எனக்கு கிரிக்கெட் மைதானம்தான். 2025 ஜூலைலதான் அந்த மைதானத்துல இந்தியா முதல் தடவையா டெஸ்ட் ஜெயிச்சது, 336 ரன் வித்தியாசத்துல. நான் ஸ்டாண்டுல இருந்தேன், தொண்டை கட்டிப் போச்சு.

அந்த ஏரியா ஏன் இப்பவும் பச்சையா இருக்குன்னு தெரியணும்ல. 1717ல ரிச்சர்ட் கஃப்னு ஒருத்தரு அந்த நிலத்தை வாங்குனாரு. அவரு வம்சந்தான் பின்னால கால்தார்ப் பிரபுக்கள். பர்மிங்ஹாம் பூரா பட்டறையும் புகையுமா இருந்த காலத்துல, எங்க நிலத்துல ஃபேக்டரி கட்டக் கூடாதுன்னு குத்தகைப் பத்திரத்துலயே எழுதி வச்சாங்க. 1832ல தாவரவியல் பூங்காவும் வந்துருச்சு. நம்ம ஊர்லயும் தாமிரபரணி ஆத்துக்கு அந்தப் பக்கம் திருநெல்வேலி டவுன்ல கடையும் தேரும் கூட்டமும். இந்தப் பக்கம் பாளையங்கோட்டைல பள்ளிக்கூடம், காலேஜ், கோர்ட்டு, மரம். 1843ல சுலோசன முதலியார் பாலம் கட்டுற வரைக்கும் பரிசல்லதானே போயி வந்தாங்க. அதே அமைப்புதான். பாளைல வளந்தவருக்கு எட்ஜ்பாஸ்டன் அந்நியமாவே தெரியாது. தைரியமாப் போங்க.

வள்ளியூர் பொறியாளர்

ஏரியா எதுன்னு பாக்கிறதுக்கு முன்னாடி செலவைப் பாருங்க. விசாவோட கட்டுற ஹெல்த் சர்சார்ஜே (அங்க அரசாங்க வைத்தியத்துக்கான கட்டணம்) ஆளுக்கு வருசம் 1,035 பவுண்டு, பிள்ளைக்கு 776. அதைக் கட்டிட்டு நான் ஆறு மாசம் எந்திரிக்கல.

அம்பை மருமகன்

ஆஸ்பத்திரி வேலை விசால வந்தவங்களுக்கும் அவங்க குடும்பத்துக்கும் அந்தச் சர்சார்ஜ் கிடையாது. தம்பிய பயமுறுத்தாதீங்க.

பணம் ஒரு பக்கம் கிடக்கட்டும். டிசம்பர் மாசம் நாலு மணிக்கு முன்னாடியே இருட்டுது பாருங்க, அதுதான் எனக்குத் தாங்கல. போகும்போதும் இருட்டு, வரும்போதும் இருட்டு. தீவாளி அன்னைக்கு வேலைக்குப் போயி, பிரேக்ல வீடியோல பிள்ளைக மத்தாப்பு கொளுத்துறதைப் பாத்தேன்.

கடையநல்லூர் அக்கா

எங்க அம்மா ஒத்தையில சாப்பிடுறாங்க. சொதிக் குழம்பு வச்சா போன் பண்ணி "நீ இல்லாம எதுக்குட்டி இது"ன்னு கேக்காங்க. நான் என்ன பதில் சொல்ல.

வள்ளியூர் பொறியாளர்

எங்க அப்பாவுக்கு ஆபரேஷன் நடந்தப்ப லீவு கிடைக்கல. போன வருசம். அதை இன்னும் யார்கிட்டயும் சொல்லல, இங்கதான் சொல்லுதேன்.

வீரவநல்லூர் சிஸ்டர்

எல்லாரும் மனசுல உள்ளதைச் சொல்லிட்டீங்க, எனக்கும் கண்ணு நிறைஞ்சுட்டு. ஆனா தம்பிக்கு வெள்ளிக்கிழமைதான் கெடு. நான் எட்ஜ்பாஸ்டன்ல அந்த மாதிரிப் பிரிச்ச வீட்டுலயே மூணு வருசம் இருந்தவ. தம்பி, இதுக்கெல்லாம் பதில் சொல்லுங்க. நைட் டூட்டி உண்டா? வாடகை எவ்வளவு? பிள்ளைக்கு என்ன வயசு? எந்த மாடி? வீட்டை மத்தியானம் பாத்தீங்களா, மழை பெய்யும்போது பாத்தீங்களா?

சமாதானபுரத்தான்

மன்னிக்கணும் சிஸ்டர், பதட்டத்துல எதையுமே எழுதல. மாசம் நாலஞ்சு நைட் உண்டு. அந்த வீட்டுல இருந்து ஆஸ்பத்திரிக்கு நடந்து இருபது நிமிஷம். வாடகை 1,100 பவுண்டு. முன்பணம் 250. மகனுக்கு மூணரை வயசு. கீழ்த்தளம், படுக்கையறை பின்பக்கம் மரத்தடில. நல்ல வெயில் நாள்ல பத்து நிமிஷம் பாத்தேன். மகனுக்கு வீசிங் உண்டு. போன ஐப்பசி மழைல ரெண்டு தடவை நெபுலைசர் வைக்க வேண்டி வந்துச்சு.

வீரவநல்லூர் சிஸ்டர்

வீசிங்கை முதல் வரியிலயே சொல்லியிருக்கணும் தம்பி. இனி எந்த ஏரியாங்கிறது ரெண்டாவது கேள்வி. அந்தப் படுக்கையறைச் சுவர் எப்படி இருக்குங்கிறதுதான் முதல் கேள்வி.

அந்தக் காலத்து வீட்டுச் சுவர் ஒரே கட்டுச் செங்கல். பின்னால வந்த வீடுகள்ல ரெண்டு சுவருக்கு நடுவுல இடைவெளி விட்டுக் கட்டுவாங்க, ஈரம் உள்ள வராது. பழைய வீட்டுல அது கிடையாது. நீங்க ஆசைப்பட்ட மரம் இருக்கு பாருங்க, அதோட இலை அக்டோபர், நவம்பர்ல கொட்டி, கூரை விளிம்புல மழைத்தண்ணி ஓடுற தகரக் கால்வாயை அடைச்சிரும். மடை அடைச்ச வாய்க்கால் கரைமேல வழியும்லா, அதே மாதிரி தண்ணி சுவத்து வழியா இறங்கும். வெயில் படாத பின்பக்கம் காயவே காயாது. என் அலமாரிக்குப் பின்னால உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்புப் பூசணம் பூத்திருந்துச்சு. வீட்டு ஓனர்கிட்ட நாலு தடவை எழுதுன பிறகுதான் ஆள் அனுப்புனாரு. மரத்தை வெட்டிரலாம்னும் நினைக்காதீங்க. பாதுகாக்கப்பட்ட பகுதில கொப்பு வெட்டவே கவுன்சிலுக்கு ஆறு வாரம் முன்னாடி எழுதிக் கொடுக்கணும். கட்டடம் வரலாற்றுப் பட்டியல்ல இருந்தா ஜன்னல் மாத்தவும் அனுமதி வேணும். ஒத்தைக் கண்ணாடி ஜன்னல்னா காலைல கண்ணாடி பூரா தண்ணி வேர்த்து நிக்கும்.

இன்னைக்கே செய்ய வேண்டியது. அரசாங்க இணையதளத்துல அந்த போஸ்ட்கோடு போட்டு எரிசக்திச் சான்றிதழைப் பாருங்க, காசு கிடையாது. நல்லதுக்கு ஏ-ல இருந்து மோசத்துக்கு ஜி வரைக்கும் இருக்கும். வாடகைக்கு விட குறைஞ்சது ஈ வேணும், பட்டியல்ல உள்ள கட்டடத்துக்குச் சில சமயம் விலக்கு உண்டு. சுவர் எப்படி, ஜன்னல் எப்படின்னும் அதுலயே எழுதியிருக்கும். அங்க உங்ககூடத் தங்கியிருந்த பையன் யாரையாவது அனுப்பி அலமாரியை நகத்தி, சுவத்துல கை வச்சுப் பாக்கச் சொல்லுங்க. கூரைக் கால்வாயைப் படம் எடுக்கச் சொல்லுங்க.

பணக் கணக்கு: வீட்டைப் பிடிச்சு வைக்கக் கட்டுற முன்பணம் ஒரு வார வாடகைக்கு மேல வாங்கக் கூடாது, உங்களுக்கு 253 வரும். கட்டுன பிறகு நீங்களா விலகுனா அந்தக் காசு போகும். வீட்டு ஓனர் விலகுனா திருப்பித் தரணும். குடி போகும்போது கட்டுற டெபாசிட் அதிகபட்சம் அஞ்சு வார வாடகைதான், 1,269 பவுண்டு. அதை 30 நாளைக்குள்ள பாதுகாப்புத் திட்டத்துல போட்டு உங்களுக்குத் தகவல் கொடுக்கணும். நீங்க கட்டுன 250 போனாப் போகட்டும் தம்பி. பிள்ளை நெஞ்சு இரைக்கிறதை ராத்திரி முழிச்சிருந்து கேக்கிறது அதைவிடப் பெரிய செலவு.

நார்த்ஃபீல்டுலயும் ரயில் இருக்கு. கிங்ஸ் நார்ட்டன், போர்ன்வில், செல்லி ஓக் தாண்டி யூனிவர்சிட்டி ஸ்டேஷன்ல இறங்குனா ஆஸ்பத்திரி பக்கந்தான். ஆனா நைட் முடிச்சு வர்றவனுக்கு நடக்கிற தூரம் வேணுங்கிறதுல கல்லிடை அண்ணாச்சி சொல்றது சரி. அதனால மூணாவது வழி ஒண்ணு சொல்லுதேன். 1950, 60கள்ல கால்தார்ப் எஸ்டேட்டுல பழைய பங்களாக்கள் பலதை எடுத்துட்டு, அந்தத் தோட்டத்துக்குள்ளயே ஃபிளாட்டுக கட்டுனாங்க. மரம் அதே மரம். பாக்க நம்ம ஹவுசிங் போர்டு வீடு மாதிரி சாதாரணமாத்தான் இருக்கும், அதனால யாரும் படம் எடுத்துப் போடுறதில்ல. ரெட்டைக் கண்ணாடி போட்டிருக்கா, ஹீட்டர் எதுல ஓடுதுன்னு கேளுங்க, தரைத்தளம் வேண்டாம். அங்கயும் குளிர்காலத்துல வேர்க்கும். இட்லி அவிக்கும்போது அடுக்களைக் கதவைச் சாத்தி ஃபேன் போடணும், துணியை ரூமுக்குள்ள காயப் போடக் கூடாது.

கடையநல்லூர் அக்கா சொன்னதையும் தள்ள முடியாது. மூணு வயசு முடிஞ்ச பிள்ளைகளுக்கு நர்சரி வாரம் 15 மணி நேரம் இலவசம், அடுத்த பருவத்துல இருந்து. உங்க வீட்டுக்காரிக்கு அந்த வாசல்லதான் முதல் சிநேகிதி கிடைப்பா. எனக்கு அப்படித்தான் கிடைச்சா. கேனன் ஹில் பார்க்கும் பக்கம், டிக்கெட் கிடையாது.

சமாதானபுரத்தான்

கூட இருந்த பையன் போயிட்டு வந்து படம் அனுப்பியிருக்கான். கட்டில் தலைமாட்டுல புதுசா வெள்ளை அடிச்சிருக்கு, அதுக்குள்ள இருந்து கறுப்பு எட்டிப் பாக்குது. சான்றிதழ்ல ஈ. வேண்டாம்னு ஏஜென்டுக்கு எழுதிட்டேன், காசு வராதுன்னு பதில் வந்துருச்சு. அதே ஏரியால நீங்க சொன்ன மாதிரி ரெண்டாவது மாடி ஃபிளாட் ஒண்ணு இருக்கு, ரெட்டைக் கண்ணாடி. அவனே சனிக்கிழமை போயி பாக்கான். கிடைக்கிற வரைக்கும் நார்த்ஃபீல்டு அண்ணன் ஒரு ரூம் தர்றேன்னுட்டாரு.

ஒரே ஒரு சந்தேகம். இங்க உள்ள நெபுலைசர் அங்க ஓடுமா?

வீரவநல்லூர் சிஸ்டர்

ஓடும். அங்கயும் 230 வோல்ட்தான். பிளக்குதான் வேற, தட்டையான மூணு முள். அடாப்டர் ரெண்டு வாங்கிக்கோங்க. மெஷினை செக்கின் பெட்டில போடாம கைப்பையில வைங்க. டாக்டர்கிட்ட மருந்துப் பேரெல்லாம் எழுதி ஒரு லெட்டர் வாங்கிருங்க. இறங்குன வாரமே ஜிபில (அங்க உள்ள குடும்ப டாக்டர்) பதிஞ்சு அதைக் காட்டுங்க. பிள்ளைக்கு மருந்துச் சீட்டுக்குக் காசு கிடையாது.

கல்லிடை ஆத்துக்கரை

குக்கரை மறந்துராதப்பா.