பிராக்டிஸில் அசத்துகிற பெண், மேட்சில் ரிங்கைப் பார்க்கவே மறுக்கிறாள். என்ன செய்யலாம்?

வைகைக்கரை_பிஇடி:

எல்லோருக்கும் வணக்கம். தேனி மாவட்டத்தில் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். பெரியகுளத்தில் மே மாதம் நடக்கும் அகில இந்திய கூடைப்பந்துப் போட்டியைப் பார்த்து வளர்கிற பிள்ளைகள் என்பதால், எங்கள் பக்கம் இந்த ஆட்டத்துக்கு ஆள் சேர்ப்பது கஷ்டமில்லை. நான் கேட்க வந்தது ஒரே ஒரு மாணவியைப் பற்றி.

பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். உயரம் 5 அடி 11 அங்குலம். உயரமான பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் கால் வேகமாக வராது, பந்து கையில் நிற்காது. இவளுக்கு இரண்டும் இருக்கிறது. போஸ்ட்டில், அதாவது ரிங்குக்குப் பக்கத்தில், தடுக்க நிற்கும் ஆளுக்கு முதுகைக் கொடுத்துப் பந்தை வாங்குவாள். வலது தோளை லேசாக அசைத்து ஏமாற்றி, இடது பக்கம் திரும்பி, போர்டில் வரைந்திருக்கும் சதுரத்தின் மேல் மூலையில் மெல்ல வைப்பாள். பந்து ரிங்கைத் தொடாமலே உள்ளே போகும். இந்தத் திருப்பத்தை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பையன்களோடு ஆடி ஆடி அவளே பிடித்துக்கொண்டது. மாநில அணி வரை போகக்கூடியவள் என்று தயங்காமல் சொல்வேன்.

மேட்ச் என்றால் வேறு ஆள். குறுவட்டப் போட்டியில் ரிங்குக்கு நேர் கீழே பந்து கிடைத்தது. முன்னால் ஆளே இல்லை. சூடு பட்டதுபோலப் பந்தை வெளியே நிற்கும் கார்டுக்கு (பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்தும் பெண்) தள்ளிவிட்டாள். இரண்டு ஃப்ரீ த்ரோ கிடைத்தது. முதல் பந்து ரிங்கைக்கூடத் தொடவில்லை, இரண்டாவது முன் விளிம்பில் பட்டுத் திரும்பியது. அடுத்த டைம் அவுட்டில் என் பக்கத்தில் வந்து மெதுவாக, "சார், என்னை மாத்திடுங்க சார்" என்றாள். அந்த மேட்சில் ஜெயித்துவிட்டோம். ஆனால் அவள் அன்று மதியம் சாப்பிடவில்லை.

அப்பா லோடு ஆட்டோ ஓட்டுகிறார். விளையாட்டு ஒதுக்கீட்டில் காலேஜ் சீட், பிறகு அரசு வேலையில் இருக்கும் 3 சதவீதம் என்று வீட்டில் எப்போதும் இதே பேச்சு. வருவாய் மாவட்டப் போட்டி நெருங்குகிறது. "பயப்படாம ஆடும்மா" என்றால் தலையை ஆட்டுகிறாள், அவ்வளவுதான். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

தோள்பட்டை_மதுரை:

சார், நான் விளையாட்டு வீரர்களைப் பார்க்கும் பிசியோ. மனசு என்று முடிவு கட்டுவதற்கு முன் உடம்பைப் பார்த்துவிடுங்கள். ஃப்ரீ த்ரோ ரிங்கையே எட்டவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அது என்னை உறுத்துகிறது.

மார்கெல் ஃபுல்ட்ஸ் என்று ஒரு பையன். அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவில், அணிகள் புது வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் 2017 டிராஃப்ட்டில் பிலடெல்பியா அணி முதல் ஆளாக எடுத்தது. அதற்கு முன் வாஷிங்டன் பல்கலைக்கழக அணியில் மேட்சுக்குச் சராசரி 23 பாயின்ட், மூன்று பாயின்ட் ஷாட்டில் 41 சதவீதம். டிராஃப்ட்டின்போது வயது 19. சில மாதங்களிலேயே அவருடைய ஷாட் காணாமல் போனது. முதல் சீசனில் 14 மேட்ச்தான் ஆட முடிந்தது. 2018 நவம்பரில் ஒரு ஃப்ரீ த்ரோவில் பந்தைத் தூக்கி, பாதியில் நிறுத்தி, திரும்பவும் தூக்கிப் போட்டார். அந்த வீடியோ பரவாத இடமில்லை. பையனுக்கு மனசு உடைந்துவிட்டது, தலையில் கோளாறு என்று ஆளுக்கு ஆள் பேசினார்கள். தோள்தான் பிரச்சினை என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார்.

அந்த டிசம்பரில் தொராசிக் அவுட்லெட் சிண்ட்ரோம் என்று கண்டுபிடித்தார்கள். கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில், காறை எலும்பை ஒட்டி நரம்பு அழுத்தப்படும் பிரச்சினை அது. கையை மேலே தூக்கினால் மரத்துப்போகும், பலம் குறையும், எவ்வளவு விசையில் தள்ளுகிறோம் என்பதே பிடிபடாது. ஷூட்டருக்கு இதைவிடக் கொடுமை கிடையாது. 2019 பிப்ரவரியில் ஆர்லாண்டோ அணிக்கு மாற்றப்பட்டார். சிகிச்சை எடுத்து, அடுத்த சீசனில் 72 மேட்ச் ஆடினார். 2021 ஜனவரியில் முழங்காலில் ஏசிஎல் என்ற இணைப்பு நார் கிழிந்தது. அதையும் தாண்டி 2022-23 சீசனில் சராசரி 14 பாயின்ட் எடுத்தார்.

உங்கள் மாணவிக்கு இதே நோய் என்று நான் சொல்லவில்லை. பயிற்சியில் நன்றாகப் போடுகிறாள் என்பதால் அதற்கு வாய்ப்பு குறைவு. ஆனாலும் கேளுங்கள்: கையைத் தலைக்கு மேல் கொஞ்ச நேரம் வைத்திருந்தால் விரல் மரக்கிறதா? கனமான பையை ஒரே தோளில் மாட்டுகிறாளா? மேட்ச் அன்று காலையில் சாப்பிட்டுவிட்டு வருகிறாளா? ரத்தசோகை இருக்கிறதா என்று ஒரு ரத்தப் பரிசோதனையும் செய்துவிடுங்கள். இந்த வயதுப் பெண் பிள்ளைகளுக்கு அது மிகச் சாதாரணம். இரண்டாவது குவார்ட்டரிலேயே கால் கனத்தால் எந்தத் தைரியமும் நிற்காது.

பழைய_போஸ்ட்:

பிசியோ சார் சொன்னது நூத்துக்கு நூறு சரி. முதல்ல அதை முடிச்சிருங்க.

நான் ரயில்வேல வேலை பார்த்துக்கிட்டே ஆடினவ. இப்போ சின்னப் பிள்ளைங்களுக்குக் கோச்சிங். இந்த மாதிரி பிள்ளைங்க எங்கிட்ட நிறைய வருவாங்க, அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன்.

சார், ஒரு விஷயம் கவனிங்க. ஷாட் மிஸ் ஆனதும் அவ கண்ணு எங்க போகுது? ரீபவுண்ட், அதாவது மிஸ் ஆகித் திரும்புற பந்தை, பார்க்குற பிள்ளைக்கு கண்ணு பந்து மேல இருக்கும். பயந்த பிள்ளைக்கு கண்ணு பெஞ்சுக்குப் போகும். அந்த ஒரு செகண்டுல எதிராளி பந்தை எடுத்துட்டுப் போயிடுவா, அதுக்கும் சேர்த்துத் திட்டு விழும். அடுத்த தடவை பந்து வந்தா யார் ஷூட் பண்ணுவா? பாஸ் பண்ணிட்டா யாரும் திட்டப் போறதில்லையே. ரிங்குக்குக் கீழே நின்னு வெளியே பாஸ் கொடுத்தது அவளைப் பொறுத்தவரை புத்திசாலித்தனம்.

அதனால ஷாட் போடுன்னு சொல்லாதீங்க. ஷாட் உள்ளே போறது அவ கையில மட்டும் இல்ல. அவ கையில முழுசா இருக்குற வேலையைக் கொடுங்க. "ஷாட் யார் போட்டாலும் நீ உன் ஆளை முதுகால தடுத்து நிக்கணும்மா. ரெண்டு பக்கமும் எத்தனை ரீபவுண்ட் எடுத்தேன்னு மட்டும் நான் எழுதப் போறேன்." இப்படிச் சொல்லுங்க. 5 அடி 11 இருக்குற பிள்ளை ஒழுங்கா இப்படித் தடுத்து பாக்ஸ் அவுட் பண்ணினா பந்து கையில வந்து விழும். ரிங்குக்கு அடியில, யோசிக்க நேரமே இல்லாம, எடுத்த கையோட மேலே வைப்பா. அந்த ரெண்டு பாயின்ட்டுக்குத் தைரியம் தேவையில்ல. ஃபுல்ட்ஸ் கதையிலயே பாருங்க, ஷாட் போன அதே முதல் சீசன் கடைசி மேட்ச்ல 13 பாயின்ட், 10 ரீபவுண்ட், 10 அசிஸ்ட் (கூட ஆடுறவங்க பாயின்ட் எடுக்கக் கொடுத்த பாஸ்). ஷாட்டைத் தவிர மத்த எல்லாம் கையில இருந்துச்சு, அதை வெச்சு ஆடினார்.

ஃப்ரீ த்ரோ பத்தி. பயிற்சியில எப்படிப் போட வைக்கிறீங்க? ஒரே இடத்துல நின்னு வரிசையா ஐம்பதா? அதுல பத்தாவது பந்துக்கே கை பழகிடும். மேட்ச்ல ஐம்பது கிடைக்காது, ரெண்டுதான். அதுவும் ஓடி மூச்சு வாங்குறப்போ. அதனால லைன் ஓட்டம் ஓட விட்டு, நின்ன உடனே ரெண்டே ரெண்டு போடச் சொல்லுங்க. மத்த பிள்ளைங்க ரெண்டு பக்கமும் நின்னு கத்தட்டும். போட்டதும் திரும்ப ஓட்டம். எத்தனை உள்ளே போச்சுன்னு கேட்காதீங்க. ரெஃபரி பந்தைக் கையில கொடுத்தா 5 செகண்ட் இருக்கு. அந்த 5 செகண்டுல என்ன செய்யணும்னு ஒரு பழக்கம் இருக்கணும்: காலை வெச்சு, ரெண்டு தட்டு, மூச்சு வெளியே, கண்ணு ரிங்கோட பின் விளிம்புல, விடு. முழங்கையைப் பத்தி அப்போ நினைக்கவே கூடாது. தானா வர்ற கையை "சரியா வருதா"ன்னு கண்காணிக்க ஆரம்பிச்சா அது இறுகிடும். ரிங்குக்கு எட்டாம விழுறதுல பாதி இதுதான்.

இன்னொண்ணு, மிஸ் பண்ணின உடனே வெளியே எடுக்காதீங்க. அவளே கேட்டாலும் எடுக்காதீங்க. மேட்சுக்கு முன்னாடியே, "முதல் குவார்ட்டர் 10 நிமிஷமும் நீ உள்ளேதான், என்ன ஆனாலும்"னு சொல்லிடுங்க. ஐந்து மிஸ் ஆனாலும் அந்த வாக்கைக் காப்பாத்துங்க.

வைகைக்கரை_பிஇடி:

இருவருக்கும் மிக்க நன்றி. கேட்டுவிட்டேன். தோளில் வலியோ மரத்துப்போவதோ இல்லை. மேட்ச் அன்று காலையில் சாப்பிடுவதில்லை என்பது இப்போதுதான் தெரிந்தது, வயிற்றைப் புரட்டுகிறதாம். ரத்தப் பரிசோதனைக்கு அம்மாவோடு அனுப்பியிருக்கிறேன்.

மேடம், நீங்கள் சொன்னபடி நேற்று பயிற்சி மேட்சில் அவள் கண்ணை மட்டும் கவனித்தேன். பெஞ்சுக்கு வரவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் நிற்பவர்களிடம் போகிறது.

எட்டாம்_நம்பர்:

சார், நான் காலேஜ்ல ரெண்டாவது வருஷம், ஸ்போர்ட்ஸ் கோட்டாலதான் சேர்ந்தேன். கடைசி வரியைப் படிச்சதும் எழுதாம இருக்க முடியல.

நானும் உயரம். ஸ்கூல்ல எனக்குப் பேரே ஒட்டகச்சிவிங்கிதான். கல்யாண வீட்டுக்குப் போனா, "இவளுக்கு எங்கடி மாப்பிள்ளை தேடப் போற"ன்னு எங்க அம்மாகிட்ட கேட்பாங்க, நான் பக்கத்துல நிக்கும்போதே. குரூப் போட்டோவுல முட்டியை மடக்கிக்கிட்டு நிப்பேன். அது பழகிப்போய் கோர்ட்லயும் தோளைக் குறுக்கிக்கிட்டுதான் ஆடினேன். பந்து தலைக்கு மேல வந்தாக்கூட நெஞ்சுக்கு இறக்கித்தான் பிடிப்பேன். இறக்கினா குட்டையான கார்ட் வந்து தட்டிட்டுப் போயிடுவா. கோச்சுக்கு எனக்கு ஏன் டர்ன் ஓவர் ஆகுதுன்னே புரியல.

உங்க ஸ்டூடன்ட் பந்தை எங்க வெச்சுப் பிடிக்கிறான்னு பாருங்க சார். பயிற்சியில தலைக்கு மேல, மேட்ச்ல நெஞ்சுக்கிட்டன்னா அதே கதைதான். வெளியே நிக்கிறவங்க முன்னாடி கையைத் தூக்கி எம்பிக் குதிக்கிறதுதான் அவளுக்குக் கஷ்டம். ஜெர்சி கைப்பக்கம் ரொம்பத் திறந்திருக்கா, ஷார்ட்ஸ் சரியா இருக்கா, இதெல்லாம் உங்ககிட்ட சொல்ல மாட்டா. ஒரு டீச்சரை விட்டுக் கேளுங்க. எனக்கு உள்ளே அரைக்கை டி-ஷர்ட் போட்டுக்கோன்னு பயாலஜி மிஸ்தான் சொன்னாங்க. அன்னிலேருந்து கை தானா மேலே போச்சு.

முடிஞ்சா அவளை ஒரு தடவை சீனியர் பெண்கள் ஆடுற போட்டிக்குக் கூட்டிட்டுப் போங்க. நான் முதல்முறை ஸ்டேட் லெவல் கேம்புக்குப் போனப்போ என்னைவிட உயரமான அக்காங்க நிமிர்ந்து நடந்து வந்தாங்க. நான் அங்க நடு ஆள். அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்றதுன்னு தெரியல. அனிதா பால்துரை அக்கா பத்தியும் சொல்லுங்க. சென்னைப் பொண்ணு, இந்தியாவுக்குக் கேப்டனா இருந்தவங்க, குழந்தை பிறந்த அப்புறமும் திரும்பி வந்து ஆடினாங்க, 2021-ல பத்மஸ்ரீ. வீட்டுலயும் இதைச் சொல்லுங்க சார். வேலை வேலைன்னு மட்டும் பேசினா ஒவ்வொரு மிஸ்ஸும் வேலை போன மாதிரி இருக்கும்.

வைகைக்கரை_பிஇடி:

தங்கச்சி, ரொம்ப நன்றிம்மா. இது எனக்குத் தோன்றியே இருக்காது. ஆமாம், மேட்சில் நெஞ்சுக்கு இறக்கித்தான் பிடிக்கிறாள். எங்கள் தமிழம்மாவிடம் பேசச் சொல்லியிருக்கிறேன். சுவர் ஓரம் நிற்பவர்களைத் தலைமையாசிரியரிடம் சொல்லி அப்புறப்படுத்தலாம். ஆனால் வருவாய் மாவட்டப் போட்டி பொது மைதானத்தில் நடக்கிறது, அங்கே கூட்டம் இருக்கத்தான் செய்யும். அதற்கு என்ன செய்ய?

பழைய_போஸ்ட்:

கூட்டத்தை நிறுத்த முடியாது சார். போட்டிக்கு முன்னாடி அதே மைதானத்துல சாயங்காலம் ஆள் இருக்குற நேரமாப் பார்த்துப் பயிற்சி வைங்க. அவளைத் தனியா இல்ல, டீம் முழுசும் கூட்டிட்டுப் போங்க. கார்ட் பிள்ளைகிட்ட சொல்லுங்க: பாஸ் எல்லாம் உயரமா, இவ கையை முழுசா நீட்டினாத்தான் எட்டுற மாதிரி. கீழே கொடுக்கவே கூடாது. மேலேயே பிடிச்சு மேலேயே வைக்கட்டும்.

மேட்சை யாராவது மொபைல்ல எடுத்தா, பந்துக்குப் பின்னாடி போகாம இவளை மட்டும் முழுசா எடுக்கச் சொல்லுங்க. அனுப்புங்க, பார்த்துட்டுச் சொல்றேன். அப்புறம், காலையில வயித்தைப் புரட்டுதுன்னா இட்லியைத் திணிக்க வேணாம். ஒரு வாழைப்பழமும் கொஞ்சம் கஞ்சியும் ரெண்டு மணி நேரம் முன்னாடி கொடுத்துப் பாருங்க.