48 வோல்ட் பேட்டரி காரில் 12 வோல்ட்டை எங்கிருந்து எடுப்பது?

வளாகப்பணி:
எங்கள் கல்லூரியில் ஆறு பேர் உட்காரும் பேட்டரி கார் ஓடுகிறது. கோல்ஃப் மைதானத்தில் ஓட்டும் அதே வகை வண்டிதான். 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி நான்கு, சீரிஸில் மொத்தம் 48. சாயங்காலம் விடுதிக்கும் நூலகத்துக்கும் நாலு மணி நேரம் ஓடும். இரண்டு எல்இடி முன்விளக்கு, ஹாரன், மைக் ஆம்ப்ளிஃபயர், போன் சார்ஜர் வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். எலக்ட்ரீஷியன் கடைசி பேட்டரியில் இருந்தே 12 எடுத்துக்கொள்ளலாம் என்கிறார். பேட்டரி கடைக்காரரோ கன்வெர்ட்டர் இல்லாமல் கை வைக்காதீர்கள் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

பழைய_வயர்மேன்:
எலக்ட்ரீஷியன் சொல்வதில் தப்பே இல்லை. நான் கல்யாண மண்டப வண்டி, ரிசார்ட் வண்டி எல்லாம் அப்படித்தான் போட்டுக் கொடுத்திருக்கிறேன், இன்றைக்கும் ஓடுகின்றன. 12 வோல்ட் அங்கேயே இருக்கும்போது 48-ஐ வாங்கி 12 ஆக்க ஒரு பெட்டிக்கு எதற்குக் காசு?

மின்கலம்:
அண்ணே, கணக்குப் போட்டுப் பார்ப்போம். விளக்கு, ஆம்ப்ளிஃபயர், சார்ஜர் சேர்த்து 96 வாட் என்று வைத்தால் 12 வோல்ட்டில் 8 ஆம்பியர். நாலு மணி நேரத்துக்கு 32 ஆம்பியர் மணி. அது முழுக்க ஒரே பேட்டரியின் தலையில் விழுகிறது. வண்டி ஓடிய செலவு இதற்கு மேல். கன்வெர்ட்டர் வழியாக எடுத்தால், பத்து சதவீதம் வீணானால்கூட, 48 வோல்ட்டில் 2.2 ஆம்பியர்தான். நாலு மணிக்கு ஒவ்வொரு பேட்டரியிலும் 9 ஆம்பியர் மணி குறையும், நான்கிலும் சமமாக.

உண்மையான கெடுதல் சார்ஜ் ஏற்றும்போதுதான் நடக்கிறது. சார்ஜருக்குத் தெரிவது மொத்த வோல்ட் மட்டும். 57.6 வரை ஏற்றும் சார்ஜர் என்றால் ஆளுக்கு 14.4 வர வேண்டும். காலியான அந்த ஒன்று 13.2-இல் நின்றால், மற்ற மூன்றும் 14.8-க்குப் போகும். அந்த மூன்றிலும் தண்ணீர் வாயுவாகப் பிரிந்து வற்றும். பாதி சார்ஜிலேயே கிடக்கிற நாலாவதில் தகடுகள் மேல் சல்ஃபேட் உப்பு படியும். ஒன்றுக்காக நான்கும் போகும்.

பழைய_வயர்மேன்:
மாதம் ஒருமுறை பேட்டரியை இடம் மாற்றி வைத்தால் தீர்ந்தது. டிஸ்டில்டு வாட்டரையும் பார்த்துக்கொள்ள வேண்டும். பராமரிப்பு இல்லாத வண்டி எப்படிப் போட்டாலும் கெடும்.

மின்கலம்:
இடம் மாற்றினால் ஒவ்வொரு பேட்டரியும் முறை வைத்துக் கெடும், அவ்வளவுதான். அதோடு மாதா மாதம் வயர் நுனியில் இருக்கும் கனமான லக்குகளைக் கழற்றி மாட்டும் வேலை. ஒரு டெர்மினல் சரியாக இறுகவில்லை என்றால் வண்டி மேடு ஏறும்போது அங்கேதான் சூடாகி உருகும்.

எனக்கு அதைவிடப் பயம் "கடைசி பேட்டரி" என்ற சொல்லில்தான். கடைசி என்று பாசிட்டிவ் பக்கத்தைச் சொல்கிறார் என்றால், அந்தப் பேட்டரியின் நெகட்டிவ், மொத்த செட்டின் நெகட்டிவைவிட 36 வோல்ட் மேலே இருக்கிறது. இப்போது ஆம்ப்ளிஃபயரை இரும்புச் சட்டத்தில் திருகி மாட்டுகிறீர்கள். பல ஆம்ப்ளிஃபயர்களில் உலோகப் பெட்டியும் மைக் குத்தும் இடத்தின் வெளி வளையமும் நெகட்டிவோடு சேர்ந்தே இருக்கும். ஆக, சட்டத்துக்கு 36 வோல்ட் வந்துவிட்டது. ஆறு மாதம் கழித்து வேறொருவர் வந்து, கார் பழக்கத்தில் முதல் பேட்டரியில் ஒரு ஹாரனை இணைத்து, நெகட்டிவைச் சட்டத்தில் கொடுக்கிறார். அந்த நிமிடமே மூன்று பேட்டரியும் மெல்லிய ஹாரன் வயர் வழியாக ஷார்ட். காரில் பாடிதான் நெகட்டிவ். இந்த வண்டிகளில் அப்படிக் கிடையாது, சட்டத்தை எதோடும் சேர்க்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் இரண்டு வயர் தனியாக ஓட வேண்டும், ஹாரனுக்கும் சேர்த்து.

பழைய_வயர்மேன்:
சட்டத்தில் நெகட்டிவ் கொடுக்கக் கூடாது என்பது எனக்கும் தெரியும், தம்பி. நான் எடுப்பது எப்போதும் நெகட்டிவ் பக்கத்து முதல் பேட்டரியில்தான். ஆனால் கன்வெர்ட்டர் மட்டும் சாமியா? மலிவான ஒன்று உள்ளே ஷார்ட் ஆகி, 48-ஐ அப்படியே வெளியே விட்டதைப் பார்த்திருக்கிறேன். விளக்கு, ஆம்ப்ளிஃபயர், மாட்டியிருந்த போன் எல்லாம் ஒரே நேரத்தில் போயின. ஒரு பேட்டரியில் இருந்து எடுத்தால் அந்த ஆபத்தே இல்லை.

மின்கலம்:
அது நியாயமான பேச்சு. மூன்றே வயரோடு வரும் சாதாரண கன்வெர்ட்டரில் அப்படி நடக்கும். ஐசொலேட்டட், அதாவது 48 பக்கமும் 12 பக்கமும் நேராகச் சேராதது என்று கேட்டு வாங்க வேண்டும். அதில் நடுவில் டிரான்ஸ்ஃபார்மர் இருப்பதால் கன்வெர்ட்டருக்குள் இருக்கும் எலக்ட்ரானிக் ஸ்விட்ச் ஷார்ட் ஆனாலும் 48 நேராகத் தாண்டாது, உள்ளே வரும் பக்கத்து ஃபியூஸ்தான் போகும். இன்னொன்று, சார்ஜ் ஏறும்போது செட் 58, 60 வரை போகும். 60-க்கு மேலும் தாங்கும் கன்வெர்ட்டராகப் பாருங்கள்.

சோலார்_கடை:
எந்த ஃபியூஸ், எங்கே என்று இன்னும் யாரும் பேசவில்லை. கார் கடையில் கிடைக்கும் பிளேடு ஃபியூஸைக் கையில் எடுத்து அதன் தலையைப் பாருங்கள், பெரும்பாலானவற்றில் 32 வோல்ட் என்று அச்சிட்டிருக்கும். 48 வோல்ட் பக்கத்தில் அதைப் போட்டால், உள்ளே கம்பி உருகிய பிறகும் இடைவெளியில் பொறி நின்று எரியலாம். ஏசி மின்சாரம் நொடிக்கு நூறு முறை பூஜ்ஜியத்தைத் தொடும், பொறி அணைய வாய்ப்பு உண்டு. டிசியில் அது கிடையாது. எங்கள் மாதிரிக் கடைகளில் 1000 வோல்ட் டிசி உருளை ஃபியூஸ், ஹோல்டரோடு கிடைக்கும். உங்கள் லோடுக்கு 48 பக்கம் 5 ஆம்பியர், பேட்டரி பாசிட்டிவை ஒட்டியே. சீட்டுக்குப் பின்னால் இரண்டு மீட்டர் தள்ளி வைத்தால் அந்த இரண்டு மீட்டர் வயருக்குப் பாதுகாப்பே இல்லை. 12 பக்கம் பிளேடு ஃபியூஸ் தாராளமாகப் போதும், ஒவ்வொரு சாதனத்துக்கும் தனித்தனியாக.

அப்புறம், ஃபோர்க்லிஃப்ட்டுக்கு விற்கும் எல்இடி விளக்குகளில் 12 முதல் 80 வோல்ட் வரை எதிலும் எரிவது உண்டு. ஹாரனும் 48-க்கே வருகிறது. அவற்றை நேராக 48-இல் கொடுத்தால் கன்வெர்ட்டர் சின்னதாகவே போதும்.

வளாகப்பணி:
விளக்கு யோசனை பிடித்திருக்கிறது. கன்வெர்ட்டருக்கான 48-ஐச் சாவி ஸ்விட்ச்சுக்குப் பிறகு எடுக்கலாமா? இரவில் யாராவது அணைக்க மறந்தால்?

மின்கலம்:
சாவி ஸ்விட்ச் வழியாக முழுக் கரண்டையும் விடாதீர்கள். கன்வெர்ட்டருக்குள் இருக்கும் கெப்பாசிட்டர்கள் முதல் நொடியில் இழுக்கும் கரண்டில் அதன் காண்டாக்ட் பொசுங்கும். கார் ரிலேயும் வேண்டாம், 48 டிசியை வெட்ட அது செய்யப்பட்டதல்ல. பேட்டரி காருக்கென்றே வரும் சில கன்வெர்ட்டர்களில் சாவிக்கென்று தனியாக ஒரு மெல்லிய வயர் இருக்கும். அதை மட்டும் சாவியோடு சேர்த்தால் போதும், சாவியை எடுத்தால் கன்வெர்ட்டர் தூங்கிவிடும்.

பழைய_வயர்மேன்:
எதில் எடுத்தாலும் சரி, கை வைப்பதற்கு முன்னால் ரன் – டோ ஸ்விட்ச்சை (ஓட்ட ரன், கட்டி இழுக்க டோ) டோவில் போடுங்கள், செட்டின் மெயின் நெகட்டிவைக் கழற்றுங்கள். மோதிரம், வாட்ச் இருக்கக் கூடாது. ஸ்பேனர் கைப்பிடிக்கு டேப் சுற்றுங்கள். சார்ஜ் போட்டு முடித்த கையோடு சீட்டைத் தூக்கி வேலை பார்க்காதீர்கள், தீப்பிடிக்கும் ஹைட்ரஜன் வாயு அங்கே நிற்கும்.

மற்றபடி, நாலும் கெடும் என்பதை நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. நான் போட்ட மண்டப வண்டியில் நாளைக்கு நான்கு பேட்டரியையும் தனித்தனியாக அளந்து இங்கே போடுகிறேன்.

மின்கலம்:
போடுங்கள் அண்ணே. வண்டி நின்று ஒரு மணி நேரம் ஆன பிறகு, விளக்கெல்லாம் அணைத்து, சார்ஜ் போடும் முன் ஒருமுறை. அப்புறம் சார்ஜ் ஏறி முடியும் கடைசிப் பத்து நிமிடத்தில், சார்ஜர் ஓடும்போதே இன்னொருமுறை. முதல் அளவில் 0.1 வோல்ட்டுக்குள் நான்கும் நின்றால், அந்த வண்டியைப் பொறுத்தவரை நீங்கள் சொன்னதே சரி என்று இங்கேயே எழுதுகிறேன். அந்த வண்டியில் என்னென்ன மாட்டியிருக்கிறது, ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் எரிகிறது என்பதையும் சேர்த்துப் போடுங்கள்.