புதுப்பிப்பு: அம்மாவின் முதியோர் உதவித்தொகை கிடைத்துவிட்டது

அம்மாவுக்கு (வயது 71) மாதம் 1200 ரூபாய் வரும் முதியோர் உதவித்தொகை மூன்று மாதமாக வரவில்லை என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

முதலில் தாலுகா அலுவலகத்தில் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர் பிரிவில் விசாரித்தோம். பெயர் நீக்கப்படவில்லை, பணமும் மாதாமாதம் போயிருக்கிறது என்றார்கள். அப்புறம்தான் இங்கே ஒருவர் சொன்னபடி மைஆதார் தளத்தில் ‘வங்கி இணைப்பு நிலை’ பார்த்தேன். ஓடிபி ஆதாரில் பதிந்த எண்ணுக்குத்தான் வரும். அது அண்ணனுடைய எண், அவர் வேலையிலிருந்து வரும்வரை காத்திருந்தோம்.

அதில் காட்டிய வங்கி, அம்மா பாஸ்புக் வைத்திருக்கும் வங்கியே இல்லை! நூறு நாள் வேலைக்காக வேறொரு வங்கியில் தொடங்கிய கணக்கு அது. ஆதார் வழியாக வரும் பணம் கடைசியாக ஆதாரை இணைத்த கணக்குக்குத்தான் போகுமாம். எத்தனை கணக்கு இருந்தாலும் ஒன்றுதான். 3600 ரூபாயும் அங்கே பத்திரமாக இருந்தது. அதைப் பார்த்ததும் அம்மா அழுதே விட்டார்.

பழைய வங்கியில் ஆதார் இணைப்புப் படிவம் எழுதிக் கொடுத்தோம். தளத்தில் வங்கியின் பெயர் மாறிய பிறகு, அடுத்த மாதப் பணம் சரியாகப் பழைய கணக்குக்கே வந்தது.

நான் எதிர்பாராதது ஒன்று: பாஸ்புக்கில் ‘ஆதார் இணைக்கப்பட்டது’ என்று முத்திரை இருந்தும் பணம் அங்கே வரவில்லை. அந்த முத்திரையை நம்பி இருந்துவிடாதீர்கள், தளத்திலேயே பாருங்கள்.