டொமைன் யார் பெயரில் இருந்தது?

மூன்றாம் ஆண்டு படிக்கும்போது மூன்று நண்பர்கள் சேர்ந்து ஒரு இணையதளம் தொடங்கினோம். சீனியர்களின் பாடக் குறிப்புகளைத் தேடி எடுக்கலாம், புரியாததை ஒரு சீனியரிடம் அரை மணி நேரம் வீடியோவில் கேட்கலாம். கேட்பதற்குக் கட்டணம். தேர்வு நெருங்கினால் கூட்டம் அலைமோதும், விடுமுறை விட்டால் ஒருவரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். அதைக்கூடச் சமாளித்துவிட்டோம்.

டொமைனை, அதாவது தளத்தின் இணைய முகவரியை, வாங்கியது நண்பன், அவனுடைய சொந்த மின்னஞ்சலில். கட்டணமும் அவன் வங்கிக் கணக்குக்குத்தான் போனது. கோடிங் என்னுடையது. "நமக்குள்ள என்னடா கணக்கு?" என்று மூன்று பேருமே சொன்னோம், மனதாரத்தான்.

அவனுக்கு வேலை கிடைத்தது, மெல்ல ஒதுங்கினான். டொமைனைப் புதுப்பிக்கச் சொல்லி வந்த மின்னஞ்சல்களை அவன் பார்க்கவில்லை. தேர்வுக்கு ஆறு நாள் இருக்கும்போது தளம் திறக்கவில்லை. அவன் கணக்கில் நுழையப் பார்த்தால் ஓடிபி அவன் ஃபோனுக்குப் போகிறது. அவன் பயிற்சி வகுப்பில் இருந்தான், ஃபோன் அணைந்திருந்தது. எண்களை நிரப்பச் சொல்லும் அந்த ஆறு காலிக் கட்டங்களைப் பார்த்தபடி மாலை வரை உட்கார்ந்திருந்தேன். பணம் கட்டிய ஜூனியர்களின் செய்திகள் வந்துகொண்டே இருந்தன.

காலாவதியானாலும் பெரும்பாலும் சில வாரம் அவகாசம் உண்டு, அதனால் டொமைன் தப்பியது. இரவு அவன் பணம் கட்டிவிட்டு, "சரிடா, இதில் என் பங்கு எவ்வளவு?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. எங்களிடம் பதில் இல்லை.

படச் செய்தி அனுப்பும் செயலியான ஸ்னாப்சாட்டும் 2011ல் ஸ்டான்ஃபோர்டில் படித்த மூவர் தொடங்கியதுதான். அதில் ஒதுக்கப்பட்ட ரெஜி பிரவுன் வழக்குப் போட்டார். கடைசியில் அவருக்கு நிறுவனம் 15.75 கோடி டாலர் கொடுத்துத் தீர்த்துக்கொண்டது. நம் தொகை சின்னது, ஆனால் நட்பு முறிகிற வலி அதேதான் என்று அன்று இரவு நன்றாகவே உணர்ந்தேன்.

அப்புறம் ஒரே ஒரு பக்கம் எழுதினோம். நான்கு ஆண்டுகளில் கொஞ்சம் கொஞ்சமாகப் பங்கு சேரும், முதல் ஆண்டு முடியுமுன் விலகினால் பங்கு இல்லை. ஸ்டார்ட்அப்களில் வழக்கமாக இருக்கும் ஏற்பாடுதான், நாங்கள்தான் தாமதமாகத் தெரிந்துகொண்டோம். டொமைன், சர்வர், பணம் வாங்கும் கணக்கு எல்லாம் பொது மின்னஞ்சலுக்கு மாறின. மீட்பு எண்ணாக இரண்டு பேரின் ஃபோனைக் கொடுத்தோம்.

அவன் ஓராண்டுக்கு மேல் உழைத்திருந்தான், அதுவரையான பங்கை எழுதிக் கொடுத்தோம். டொமைனை மாற்றித் தந்த அன்று அந்தத் தாளில் முதல் கையெழுத்தை அவனே போட்டான்.