இணைகரம் நடத்த ‘ஆம் / இல்லை’ அட்டைகள்: பல நிலைப் பிள்ளைகள் உள்ள வகுப்பில் எப்படி?

கணக்கு_ஏழு:
ஏழாம் வகுப்புக்கு இணைகரத்தைக் கருத்து அடைதல் முறையில் நடத்தப் போகிறேன்; அதாவது ‘ஆம்’, ‘இல்லை’ அட்டைகளைக் காட்டி, விதியைப் பிள்ளைகளே கண்டுபிடிக்க விடுவது. 38 பேர். பலருக்குச் சரளமாக வாசிக்க வராது. ஒரு மாணவிக்குப் பார்வைக் குறைவு. இரண்டு பேர் மூன்றாவது அட்டையிலேயே விடையைக் கத்திவிடுவார்கள். எத்தனை அட்டை, எந்த வரிசை?

சரிவகம்:
ஆம் 6, இல்லை 6, கடைசியில் சோதிக்க 4 போதும் டீச்சர். பெயரைச் சொல்லாமல் தொடங்குங்கள். முதலில் வழக்கமான சாய்ந்த இணைகரம், ஆம். அடுத்து முக்கோணம், இல்லை. மூன்றாவதாக அதே இணைகரத்தை முனையில் நிற்கிற மாதிரி திருப்பி ஒட்டுங்கள், ஆம். இதை விட்டால் ‘அடிப்பக்கம் படுக்கையாக இருக்கணும்’ என்பதையும் விதியில் சேர்த்துக்கொள்வார்கள்.

அதன் பிறகுதான் நெருக்கமான ‘இல்லை’கள். சரிவகத்தில் ஒரு சோடி எதிர்ப்பக்கங்கள் மட்டுமே இணை. பட்ட வடிவத்தில் சமபக்கங்கள் இரண்டு சோடி உண்டு, ஆனால் அடுத்தடுத்து இருக்கும். ஒழுங்கு அறுங்கோணத்தில் எதிர்ப்பக்கங்கள் எல்லாம் இணை, ஆனால் பக்கம் ஆறு. ஒவ்வொரு ‘இல்லை’யும் ஒரு தப்பான ஊகத்தை உடைக்கணும். வட்டத்தைக் காட்டுவதில் பயனே இல்லை.

சரிவகத்தின் சாய்வு லேசாக இருந்தால் கடைசி பெஞ்சுக்கு அதுவும் இணையாகத்தான் தெரியும். நன்றாகச் சாய்த்து வரையுங்கள்.

ஈர்க்குச்சி:
காட்டிய அட்டையை எடுக்கவே கூடாது. இரண்டு பத்தியாகப் பலகையில் இருக்கட்டும். ஞாபக சக்தியைச் சோதிக்கிற பாடம் இல்லை இது. பச்சை, சிவப்பு மட்டும் போதாது, நிறம் பிரித்தறியாத பிள்ளைகளுக்காக ✓ ✗ குறியும் போடுங்கள். எல்லா ‘ஆம்’ அட்டையும் நீலத்தில் இருந்தால் ‘நீலம்’தான் விடை என்பார்கள், அதில் தப்பும் இல்லை.

அந்த மாணவிக்கு ஒவ்வொரு வடிவத்தையும் கெட்டி அட்டையில் சணல் கயிறு ஒட்டித் தயார் செய்து, பலகையில் ஒட்டும் அதே நேரத்தில் கையில் கொடுங்கள். எதிர்ப்பக்கங்களின் மேல் இரண்டு ஈர்க்குச்சியை நீளவாக்கில் வைத்தால் சந்திக்குமா என்று தடவியே கண்டுபிடிக்கலாம். மற்ற பிள்ளைகளுக்கும் இது உதவும், வாசிப்பே தேவையில்லை.

கத்துகிற இருவருக்கும் ஒரே நிபந்தனை: விதியைச் சொல்லக் கூடாது, அடுத்த ‘ஆம்’ படத்தை வரைந்து காட்டணும். விதி தப்பென்றால் படத்திலேயே தெரிந்துவிடும்.

கணக்கு_ஏழு:
நன்றி. சதுரமும் செவ்வகமும் எப்போது?

சரிவகம்:
நான்காவது அட்டையாகவே செவ்வகம். ‘சாய்ந்திருக்கணும்’ என்ற ஊகம் அங்கேயே உடையும்.

ஈர்க்குச்சி:
எனக்கு அதில் உடன்பாடு இல்லை சார். தடுமாறுகிற பிள்ளைகளுக்கு அப்போது இன்னும் எந்த ஊகமும் அமைந்திருக்காது, உடைக்க என்ன இருக்கும்? சரிவகம், பட்டம் முடிந்து ‘எதிர்ப்பக்கம்’ என்ற பேச்சு வகுப்பில் வந்த பிறகு செவ்வகத்தை ஒட்டலாம். சதுரத்தைச் சோதனை நாலில் வையுங்கள். அதற்கு ‘இல்லை’ என்று கை தூக்குகிறவர்களிடம் குச்சியைக் கொடுத்து வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பெயரும் வரையறையும் அதற்குப் பிறகு.