ஈஸ்டர் தேதி ஏன் வருஷா வருஷம் மாறுது?

மழைக்குருவி: கிறிஸ்துமஸ்னா டிசம்பர் 25, ஃபிக்ஸ். ஆனா ஈஸ்டர் 2024ல மார்ச் 31, 2025ல ஏப்ரல் 20, ஏங்க இப்படி? லீவு பிளான் பண்ணவே முடியல

நெல்லைக்காரன்: பௌர்ணமி கணக்குங்க. மார்ச் 21லயோ அதுக்கப்புறமோ வர்ற முதல் பௌர்ணமி கழிஞ்சு வர்ற ஞாயிறு, இயேசுவை சிலுவையில அறைஞ்சது யூதரோட பாஸ்கா பண்டிகை சமயம்ல, அதுவும் நிலாவை வச்சுதான். எல்லாரும் ஒரே ஞாயிறுல கொண்டாடணும்னு கி.பி. 325லயே நைசியா சங்கத்துல (பிஷப்புங்க கூடுன கூட்டம்) பேசி முடிச்சாச்சு

டீக்கடைபெஞ்ச்: எங்க முடிஞ்சுது 😄 ரஷ்யா, செர்பியா ஆர்த்தடாக்ஸ்காரங்க பழைய ஜூலியன் காலண்டர்படி போறாங்க, 2024ல அவங்களுக்கு மே 5

மழைக்குருவி: அப்போ தவக்காலம் ஆரம்பிக்கிற சாம்பல் புதன் எப்போ?

நெல்லைக்காரன்: ஈஸ்டர்ல இருந்து 46 நாள் பின்னாடி எண்ணுங்க, ஞாயிறை விட்டா 40. நெத்தில பூசுற சாம்பல் போன வருஷம் குருத்தோலை ஞாயிறுல (ஈஸ்டருக்கு முந்தின ஞாயிறு) குடுத்த ஓலையை எரிச்சதுதான், அதான் சிலுவையா மடிச்சு வீட்ல சொருகி வச்சதை கோயில்ல திரும்ப கேக்குறாங்க